டீக்கடையில் சொன்ன வார்த்தை

ஆடி பிறந்த முதல் வாரத்தில் அடித்த காற்றில், சங்கரன்கோவில் மைதீன் பாட்சா வீட்டு மொட்டைமாடியில் இருந்த சோலார் பலகைகளில் இரண்டு, கால் கழன்று சாய்ந்துவிட்டன. பெங்களூரிலிருந்து பத்து நாள் லீவில் வந்திருந்த மகள் ஹஸ்னா பானுதான் ஏறிப் பார்த்தாள். வாப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகி ஒரு வாரம்கூட ஆகவில்லை. படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"கரிவலத்துல ஒரு தம்பி இருக்கான், அவனக் கூப்புட்டா வந்துருவான்" என்றாள் உம்மா ஆயிஷம்மாள். "போன வருசம் மாட்டுனது அவந்தான். நல்ல வேலக்காரன். ஆனா ஒரு போல்ட்டு முறுக்குனாலும் நோட்டுல எழுதுவான். எழுதி, வாப்பாகிட்ட கையெழுத்து வேற வாங்குவான். சிரிப்பா இருக்கும்."

"பேரு என்ன?"

"பாண்டியராஜ். ஏட்டி, அவனும் பெங்களூர்ல ராக்கெட் கம்பெனில இருந்தவனாம். ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்மா" என்றாள் ஹஸ்னா. அன்று மத்தியானம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பாண்டியராஜும் அவளும் நான்கு வருஷத்துக்கு முன்பு வரை ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். சின்னச் சின்னச் செயற்கைக்கோள்கள் செய்கிற தனியார் கம்பெனி அது. மொத்தம் எண்பது பேர் இருந்த இடத்தில் இவள் சங்கரன்கோவில், அவன் பத்து கிலோமீட்டர் தள்ளி கரிவலம்வந்தநல்லூர். சேர்ந்த முதல் வாரமே அவன் பேச்சைக் கேட்டு, "நீங்க எந்த ஊரு?" என்று இவள்தான் கேட்டாள். அதற்குப் பிறகு ஆபீசில் ஊர்ப் பேச்சுப் பேசுவதற்கு ஒருவருக்கொருவர் கிடைத்தார்கள். மற்றவர்கள் இருக்கும்போதுகூட "ஏலே", "வே" என்று அவன் பேசுவான். இவள் சிரிப்பாள்.

செயற்கைக்கோளை வானத்தில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தப் பக்கம் திருப்புவது ஹஸ்னாவின் வேலை. அங்கே பிடித்துக்கொள்ளத் தரை கிடையாது. உள்ளே இருக்கிற சிறு சக்கரங்களைச் சுழற்றித்தான் வெளிக்கூட்டைத் திருப்ப வேண்டும். எவ்வளவு சுழற்றினால் எவ்வளவு திரும்பும் என்று முன்கூட்டியே கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பார்கள். அதற்கு, கூட்டுக்குள் எந்தப் பொருள் எந்த இடத்தில் எவ்வளவு எடையோடு உட்கார்ந்திருக்கிறது என்று துல்லியமாகத் தெரிய வேண்டும். அந்தக் கணக்கு பாண்டியராஜுடையது. அவன் கொடுக்கிற எண்களை வைத்துத்தான் இவள் ஓட்டுவாள்.

அந்த வருஷம் அவர்கள் செய்தது நாற்பது கிலோ எடையுள்ள ஒரு செயற்கைக்கோள். பயிர்களைப் படம் எடுக்கிற கேமரா அதில் இருந்தது. ஏதாவது கோளாறு என்றால் அது எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு, சோலார் பலகையைச் சூரியனுக்குக் காட்டிக்கொண்டு, பம்பரம் மாதிரி மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சேஃப் மோடு என்பார்கள். கீழே இருப்பவர்கள் கோளாறைச் சரிசெய்கிற வரைக்கும் அது உயிரோடு இருப்பதற்கான வழி அது.

ஒரு சோப்பு டப்பாவை மூன்று விதமாகச் சுழற்றித் தூக்கிப் போடலாம். இரண்டு விதத்தில் அது ஒழுங்காகச் சுற்றும். மூன்றாவது விதத்தில், நாம் என்ன செய்தாலும், நடுவில் குப்புறப் புரண்டுவிடும். டப்பாவின் எடை எப்படிப் பரவியிருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. இவர்களுடைய செயற்கைக்கோள் ஒழுங்காகச் சுற்றுகிற பக்கமாகச் சுற்றும்படிதான் ஹஸ்னா அமைத்திருந்தாள். ஆனால் அனுப்புவதற்கு மூன்று வாரம் இருக்கும்போது, கேமராவின் பிடிப்பை மாற்ற வேண்டி வந்தது. அதை ஈடுகட்ட ஒரு முனையில் எண்ணூறு கிராம் எடைக்கட்டி வைத்தார்கள். அந்த எண்ணூறு கிராமில், ஒழுங்காகச் சுற்றும் பக்கம் புரண்டு விழும் பக்கமாக மாறிப்போனது. யாரும் கவனிக்கவில்லை.

மேலே போன பதினோராவது நாள் ஏதோ சின்னக் கோளாறில் அது சேஃப் மோடுக்குப் போனது. இரண்டு சுற்று ஒழுங்காகச் சுற்றியது. மூன்றாவது சுற்றில் புரண்டது. சோலார் பலகை இருட்டைப் பார்த்து நின்றது. பேட்டரி தீர்ந்தது. அதற்குப் பிறகு அதிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

விசாரணைக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் இரண்டே நாளில் எடைக்கட்டியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த மாற்றத்தை ஹஸ்னாவின் கன்ட்ரோல் குழுவுக்குத் தெரிவித்தீர்களா என்று பாண்டியராஜைக் கேட்டார்கள். மெயில் எதுவும் இல்லை. அவன் ஹஸ்னாவைத் திரும்பிப் பார்த்தான். ஹஸ்னா தன் முன்னால் இருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னதா நெனச்சிட்டு இருந்தேன் சார். சொல்லாம விட்டிருப்பேன்" என்றான் அவன்.

ஆனால் அவன் சொல்லியிருந்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஆபீசுக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் வைத்து அவளிடம் சொன்னான். வார்த்தைக்கு வார்த்தை அவளுக்கு ஞாபகம் இருந்தது. அன்று அவளுக்கு ஊருக்கு பஸ். லாத்தா மகள் கல்யாணம், அக்கா வீட்டு விசேஷம், போகாமல் இருக்க முடியாது. திங்கட்கிழமை வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். திங்கட்கிழமை வேறு ஏதோ தீப்பிடித்த வேலை. பிறகு அது மனசை விட்டே போய்விட்டது. விசாரணை அறையில் அவன் தன்னைத் திரும்பிப் பார்த்த நிமிஷத்தில்தான் அவளுக்கு முழுசாக ஞாபகம் வந்தது.

அவன் தன்னைக் காப்பாற்றுகிறான் என்று ஹஸ்னா நினைத்தாள். ஒரே ஊர்க்காரி, பொம்பளைப் பிள்ளை, பழி நம்மோடு போகட்டும் என்று நினைத்துவிட்டான் என்று எடுத்துக்கொண்டாள். அப்படி எடுத்துக்கொள்வது அவளுக்கு வசதியாக இருந்தது. அடுத்த வாரம் அவன் ராஜினாமா எழுதிக் கொடுத்தான். அவள் நேரில் பார்த்து நன்றி சொல்ல வேண்டும் என்று இருந்தாள். அவன் கிளம்பிய அன்று அவளுக்கு மீட்டிங். மறு வருஷம் அவள் குழுவுக்குத் தலைவியானாள். வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை ஊருக்கு வந்தாள். கரிவலத்துக்கு ஒரு தடவைகூடப் போகவில்லை.

பாண்டியராஜ் மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வந்தான். பைக்கில் பின்னால் கட்டிய இரும்புச் சட்டங்கள், தோளில் ஒரு பை, சட்டைப் பையில் ஒரு நோட்டு. ஆள் கொஞ்சம் கறுத்திருந்தான், முன்னந்தலையில் முடி குறைந்திருந்தது. ஹஸ்னாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்துதான் போனது.

"பானு, எப்ப வந்த? இது ஒங்க வீடுன்னு போன வருசமே தெரியும். வாப்பாதான் சொன்னாக. ஒனக்கு போன் பண்ணணும்னு நெனச்சேன். நம்பர் எங்கயோ போயிட்டு."

"நல்லா இருக்கியா பாண்டி?"

"இருக்கேன். கல்யாணம் ஆயிட்டு. மாலான்னு பேரு, புளியங்குடிப் பக்கம். ஒனக்குச் சொல்லாம வச்சிட்டேன்னு கோவிச்சுக்கிடாத."

அவன் பேச்சில் எந்த வருத்தமும் இல்லாதது அவளை என்னவோ செய்தது. மாடிக்கு அவனோடு ஏறிப் போனாள். காற்று துப்பட்டாவைப் பிடித்து இழுத்தது. அவன் ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி, புதுசு போட்டு, முறுக்கி, உடனே செல்லில் ஒரு படம் எடுத்து, நோட்டில் ஒரு வரி எழுதினான். எழுதியதை வாய்விட்டு ஒரு தடவை படித்தான். பிறகுதான் அடுத்த போல்ட்டுக்குப் போனான். ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை மத்தியானம் வரை போனது.

அவன் மூன்றாவது கால் முறுக்கிக்கொண்டிருக்கும்போது ஹஸ்னா சொன்னாள். "பாண்டி, அன்னைக்கு அந்த விசாரணை ரிவ்யூல நீ என்னைய விட்டுக் குடுக்கல. இத்தன வருசத்துல அதுக்கு நான் ஒனக்கு ஒரு வார்த்த சொல்லல."

ஸ்பானரைப் பிடித்த கை நின்றது. அவன் நிமிர்ந்து பார்த்தான். "எத விட்டுக் குடுக்கல?"

"அதான். அன்னைக்கு."

"எனக்கு வெளங்கல பானு. தப்புப் பண்ணுனவன் நான். ஒன்னைய நான் எதுக்கு இழுக்கணும்? நான் சொல்லியிருந்தா நீ அன்னைக்கே ஓட்டிப் பாத்திருப்ப. ஒன் வேலை எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்த நோட்டைத் தொட்டுக்கொண்டு, "சொன்னேன்னு நெனச்சுக்கிட்டே இருந்துட்டேன் பாத்துக்க. அதுதான் எனக்கு இன்னும் ஆறல. மறந்தேன்னாகூடப் பரவாயில்ல. சொல்லாதத சொன்னதா மனசு காட்டுச்சே" என்றான்.

அப்போதே சொல்லியிருக்கலாம். அவன் முன்னால்தான் நிற்கிறான், மாடியில் வேறு யாரும் இல்லை. ஆனால் அவள் சொன்னது வேறு.

"ஒண்ணுமில்ல. கோவிச்சுக்கிட்டுப் போயிட்டியேன்னு நெனச்சேன்."

"கோவமெல்லாம் யார் மேல?" என்று சிரித்துவிட்டு அவன் போல்ட்டுக்குத் திரும்பினான்.

கீழே இறங்கி வந்து வாப்பாவிடம் நோட்டை நீட்டினான். எந்த சுவிட்சை முதலில் அணைக்க வேண்டும், மழை நேரத்தில் எதைத் தொடக் கூடாது என்று நிதானமாகச் சொல்லி, சொன்னதாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டான். வாப்பா ஒரு கண்ணில் பச்சைத் துணி மறைப்போடு, காகிதத்தை முகத்துக்குக் கிட்டே வைத்துக் கையெழுத்துப் போட்டார். உம்மா சாப்பிட்டுப் போகச் சொன்னாள். இன்னொரு நாள் வருகிறேன் என்று பைக்கை எடுத்துக்கொண்டு போனான்.

அரை மணி நேரத்தில் திரும்பி வந்தான். வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

"பாய், அந்த எர்த் கம்பி விசயம் ஒங்ககிட்ட நான் சொன்னேனா?"

"சொன்னியேப்பா. கையெழுத்தே போட்டேனே."

"நோட்டுல இருக்கு. இருந்தாலும் வாயால சொன்னேனான்னு ஒரு சந்தேகம். பாதி வழி போயிட்டேன், மனசு கேக்கல." அவன் வாப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தாலும் பார்த்தது ஹஸ்னாவை. "எனக்கு மறதி ஜாஸ்தி பாய். மன்னிச்சுக்கிடுங்க."

"இதுக்கு எதுக்குப்பா மன்னிப்பு?" என்றார் வாப்பா. அவன் போன பிறகு உம்மா சிரித்தாள். "நாந்தான் சொன்னேம்லா."

ஹஸ்னா பின்கட்டுக்குப் போய், கிணற்றடியில் துவைக்கிற கல்லின் மேல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலையில் பஸ் ஏறினாள். கரிவலத்தில் இறங்கிக் கேட்டதும், "சோலார்காரரா?" என்று கோயில் தேரடியில் ஒருவர் வழி காட்டினார். ஓட்டு வீடு. பக்கத்தில் தகரம் போட்ட பட்டறை. அவன் குருவிகுளம் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் பம்பு செட் பார்க்கப் போயிருந்தான். பதினோரு மணிக்கு வந்துவிடுவான் என்று மாலா சொன்னாள். முப்பது வயதுக்குள் இருக்கும். முதலில் கொஞ்சம் தயங்கினாள், பெயரைச் சொன்னதும், "அக்கா, ஒங்களப் பத்தி நெறையச் சொல்லியிருக்காக. வாங்க" என்று உள்ளே கூட்டிப் போனாள்.

உள்கதவில் ஒரு வெள்ளைப் பலகை தொங்கியது. கேஸ் மூடியாச்சு, மோட்டார் நிறுத்தியாச்சு, பட்டறைப் பூட்டு, மாட்டுக்குத் தண்ணி என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அன்றைய தேதியோடு ஒரு கோடு போட்டிருந்தது. ஹஸ்னா பார்ப்பதைப் பார்த்து மாலா சொன்னாள்.

"அவுக ஞாபகத்த அவுகளே நம்ப மாட்டாக. நாம சொன்னாலும் கேக்க மாட்டாக. கல்யாணம் ஆன புதுசுல எனக்கு அழுகையா வரும். இப்ப பழகிட்டு."

"டாக்டர்கிட்ட?"

"காட்டினோம்க்கா. ஒரு கொறையும் இல்ல, நல்ல ஞாபகசக்தின்னுட்டாக. பெங்களூர்ல பெரிய தப்பு ஒண்ணு பண்ணிட்டாகளாம்லா, அதுலருந்து இப்படி." டம்ளரைத் துடைத்துக்கொண்டே கொஞ்சம் குரலைத் தாழ்த்தினாள். "மாமா, இவுக அப்பா, தவறுனதுகூட, தன்னாலதாம்னு இருக்காக. மாமாவுக்குச் சுகர். காலைல மாத்திரை குடுத்தது இவுக. மத்தியானம் மயக்கம் போட்டு விழுந்தவக எந்திரிக்கல. அன்னக்கிளி மதினி, இவுக அக்கா, புளியங்குடிலருந்து ஓடியாந்தாக. மாத்திரைய ரெண்டு தடவ குடுத்திட்டியாலேன்னு அழுகையில கேட்டுட்டாக. ஒரு தடவதான் குடுத்தாகன்னு எனக்குத் தெரியும், நான் பக்கத்துல நிக்கேன். டாக்டரும் நெஞ்சுவலிதாம்னு எழுதியே குடுத்தாரு. இவுக என்ன சொன்னாகங்கிய? 'ரெண்டு தடவ குடுத்திருப்பேன், எனக்கு அப்படித்தான் ஆகும்'னுட்டாக. மதினி அன்னைக்குப் போனவக, இன்னும் இந்த வாசல் ஏறல."

ஹஸ்னா கையில் வாங்கிய காப்பியைக் குடிக்காமல் அப்படியே கீழே வைத்தாள்.

பாண்டியராஜ் வந்ததும் அவளைப் பட்டறைக்குக் கூட்டிப் போனான். காற்றுக்குத் தகரம் படபடவென்று சத்தம் போட்டது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை.

"பாண்டி, நீ எங்கிட்ட சொன்ன."

"என்னத்த?"

"எடைக்கட்டிய. ஏப்ரல் மாசம், வெள்ளிக்கிழம. டீக்கடைல வச்சு. நாந்தான் ஓட்டிப் பாக்கல. மறந்தது நீ இல்ல, நான்."

அவன் அப்படியே நின்றான். முகத்தில் கோபம் வரவில்லை. யாரோ தூரத்திலிருந்து கூப்பிடுவது சரியாகக் காதில் விழாதவன் போலத் தலையை லேசாகச் சாய்த்தான்.

"எந்தக் கடை?"

"எதுத்தாப்ல. அந்தக் கேரளாக்காரர் கடை."

"நான் என்ன சொன்னேன்? அப்படியே சொல்லு."

"'முனையில எண்ணூறு கிராம் ஏறியிருக்கு பானு. பெருசா ஒண்ணுமில்ல. ஆனா ஒழுங்காச் சுத்துத அச்சும் பொரளுத அச்சும் எண்ணுல ரொம்பக் கிட்ட வந்திருக்கு. சேஃப் மோட மட்டும் ஒரு தடவ ஓட்டிப் பாத்துரு. புது எண்ண ஒன் ஃபோல்டர்ல போட்டிருக்கேன்'னு சொன்ன. நான் சரின்னேன்."

"ஃபோல்டர்ல போட்டிருந்தேனா?"

"போட்டிருந்த. யாரும் தொறந்து பாக்கல, நானும் சொல்லல."

அவன் அந்த வாக்கியத்தை உதட்டுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தான். இரண்டு தடவை சொன்னான். கண்ணை மூடிக்கொண்டான். "என் கையில என்ன இருந்துச்சு?"

"டீ. சீனி இல்லாம. நான் பன் தின்னுக்கிட்டு இருந்தேன். ஒன் சட்டைல கம்பெனி அட்டை திரும்பித் தொங்கிச்சு."

அவன் கண்ணைத் திறக்க ரொம்ப நேரம் ஆனது. திறந்தபோது முகம் வெறுமையாக இருந்தது.

"வரல" என்றான். "எதுவும் வரல. அன்னைக்கு வரைக்கும் இருந்துச்சு. கட, டீ, நீ நின்ன எடம் எல்லாம் மனசுல இருந்துச்சு. ரிவ்யூல ஒன் மூஞ்சியப் பாத்தேன். நான் சொல்லியிருந்தா இவளுக்குத் தெரியுமே, இவ சொல்லுவான்னு பாத்தேன். நீ ஒண்ணும் சொல்லல. அப்பதான் முடிவு பண்ணுனேன், நான் சொல்லல, மனசுதான் பொய் காட்டுதுன்னு. அந்த ஞாபகம் வாறப்பல்லாம் அது பொய்யி, பொய்யின்னு நானே அழிச்சேன். இப்பத் தேடினா அங்கன ஒண்ணுமில்ல."

"நீ என்னைக் காப்பாத்துதன்னு நெனச்சேன்."

"நான் ஒன்னைக் கேட்டேன்" என்றான். சத்தமாகச் சொல்லவில்லை. "பார்வையால கேட்டேன். நீங்க பதில் சொல்லல."

அந்த "நீங்க" ஹஸ்னாவுக்கு அறை வாங்கியது போல இருந்தது. அவன் அதைத் தெரிந்து சொன்னானா என்று அவளுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அவன் அவளை "நீ" என்று சொல்லவே இல்லை.

"பின்னால ஓட்டிப் பாத்தியளா?"

"பாத்தேன். எல்லாம் முடிஞ்ச பெறகு."

"தெரிஞ்சுச்சா?"

"தெரிஞ்சுச்சு. மூணாவது சுத்துல பொரண்டுச்சு. மேல நடந்த மாதிரியே."

"ஓட எவ்வளவு நேரம் ஆச்சு?"

அவள் பதில் சொல்லத் தயங்கினாள். ஆனால் இதிலும் மறைக்க முடியாது. "நாப்பது நிமிசம்."

பாண்டியராஜ் தலையாட்டினான். ஒரு இரும்புச் சட்டத்தை எடுத்து அதன் நீளத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, பழைய இடத்திலேயே சாய்த்து வைத்தான்.

"இப்பவும் நீங்க சொல்லுதிய, நான் நம்பணும்" என்றான். "அன்னைக்கு நீங்க சொல்லாததை வச்சு ஒண்ண நம்புனேன். இன்னைக்கு நீங்க சொல்லுததை வச்சு இன்னொண்ண நம்பணும். எனக்குன்னு ஒண்ணுமில்ல பாருங்க."

"நான் கம்பெனிக்கு எழுதுதேன் பாண்டி. எல்லாத்தையும் எழுதுதேன். ஃபோல்டர்ல தேதி இருக்கும்."

"எழுதுங்க."

"வேற என்ன செய்யணும், சொல்லு."

அவன் யோசித்தது போலத்தான் இருந்தது. பிறகு பட்டறை வாசலில் நின்ற மாலாவைப் பார்த்தான். அவள் எப்போது வந்தாள், எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. கண் சிவந்திருந்தது.

"ஒரு தடவதான் குடுத்தேனா மாலா?" என்று கேட்டான். "அப்பாவுக்கு?"

"ஒரு தடவதான். எத்தன நாளாச் சொல்லுதேன்" என்றாள் அவள்.

அவன் தரையில், சட்டங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். மாலா அவன் பக்கத்தில் போய் நின்றாள். அவன் தோளில் கை வைத்துக்கொண்டே, ஹஸ்னாவைப் பார்க்காமல், "அக்கா, நீங்க பொறப்படுங்க" என்றாள்.

ஹஸ்னா பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். இரண்டு பஸ் போன பிறகுதான் ஏற வேண்டும் என்று தோன்றியது.

அன்று சாயங்காலமே கடிதத்தை எழுதினாள். தேதி, இடம், அவன் சொன்னது, தான் செய்யாதது, விசாரணையில் தான் வாய் திறக்காதது எல்லாவற்றையும் எழுதினாள். ஃபோல்டரில் அவன் போட்டு வைத்த எண்களின் தேதியையும் சேர்த்தாள். வேலையை விட்டு நீக்கினாலும் தனக்கு ஆட்சேபம் இல்லை என்று கடைசியில் எழுதினாள். உம்மாவிடமும் வாப்பாவிடமும் உட்கார வைத்துச் சொன்னாள். உம்மா அழுதாள். வாப்பா, "அந்தப் பையன் என் முன்னால நின்னு மன்னிப்புக் கேட்டானே ஹஸ்னா" என்று மட்டும் சொன்னார்.

பெங்களூர் திரும்பியதும் கம்பெனித் தலைவர் கூப்பிட்டார். கதவைச் சாத்திவிட்டு, மரியாதையாகவே பேசினார். அந்த விஷயம் முடிந்து நாலு வருஷம் ஆகிறது, இன்சூரன்ஸ் கணக்கும் முடிந்துவிட்டது, இப்போது அதைத் திறந்தால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை என்றார். அதற்குப் பிறகு மாற்றங்களை எழுத்தில் கொடுக்க விதி போட்டுவிட்டோமே என்றார். நேர்மையாக எழுதியதற்குப் பாராட்டுகூடச் சொன்னார். பாண்டியராஜ் விரும்பினால் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றார். ஹஸ்னா தன்னைத் தலைவி வேலையிலிருந்து இறக்கிவிடும்படி கேட்டாள். அடுத்த செயற்கைக்கோள் மேலே போன பிறகு பார்க்கலாம் என்றார்கள். யாராவது ஒருவர் சத்தம் போட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தேவலாம் போல இருந்திருக்கும்.

கடிதத்தின் நகலைக் கையெழுத்துப் போட்டு, கரிவலத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். கம்பெனி சொன்னதையும் ஒரு தனித் தாளில் எழுதி வைத்தாள். பதில் இல்லை. மூன்று வாரம் கழித்து மாலாவிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு குரல் செய்தி வந்தது. அவுக தபாலைப் படித்தார்கள். அந்த வேலைக்குத் திரும்பப் போகிற எண்ணம் இல்லை என்று சொல்லச் சொன்னார்கள். தபாலை எடுத்துக்கொண்டு புளியங்குடிக்கு அக்கா வீட்டுக்குப் போனார்கள். அன்னக்கிளி மதினிக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று முழுசாக விளங்கவில்லை, இதுக்கும் அப்பாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார்களாம். இவுகளுக்கும் விளக்கத் தெரியவில்லை. ஆனால் சாப்பாடு போட்டார்களாம். இவுக சாப்பிட்டுவிட்டு வந்தார்கள்.

"பலகைல எழுதுததை இன்னும் விடல" என்று மாலா முடித்திருந்தாள். "கொஞ்சம் கொறஞ்சிருக்கு. வேற ஒண்ணுமில்லக்கா."

ஹஸ்னா அந்தக் குரலைப் பல தடவை கேட்டாள். என்ன பதில் அனுப்பினாலும் அது தன் ஆறுதலுக்காகக் கேட்பது போல இருந்தது. "சந்தோஷம் மாலா" என்று மட்டும் அனுப்பினாள். அனுப்பிய பிறகு அதுவும் தப்பான வார்த்தையாகப் பட்டது.

பெங்களூர் பஸ் விடிகிற நேரத்தில் ராஜபாளையம் தாண்டி, கரிவலம் வழியாகத்தான் சங்கரன்கோவிலுக்கு வரும். கார்த்திகையில் வாப்பாவைப் பார்க்க வந்தபோது, யாரோ ஒருவர் இறங்குவதற்காகப் பஸ் அங்கே நின்றது. ஜன்னலோரம் இருந்தாள் ஹஸ்னா. ரோட்டோரக் கடையில் மூன்று நான்கு பேர் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். அதில் ஒருவன் பாண்டியராஜ். தலையில் துண்டு கட்டியிருந்தான். பக்கத்தில் நின்றவரிடம் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னான், அவர் சிரித்தார். அவனும் சிரித்தான்.

இறங்கிப் போய்ப் பேசலாம் என்று அவளுக்குத் தோன்றியது. எழுந்து பாதி நின்றுவிட்டாள். பிறகு, தான் கிட்டே போய் நின்றால் அந்தச் சிரிப்பு அவன் முகத்தில் எவ்வளவு நேரம் இருக்கும் என்று நினைத்துப் பார்த்து, உட்கார்ந்தாள். டிரைவர் கதவைச் சாத்தினார். டீக்கடையைத் தாண்டி, கோயில் கோபுரத்தைத் தாண்டி, பஸ் நெல் வயல்களுக்கு நடுவே வேகம் பிடித்தது.